முதல் சொன்னதை மாற்றாதேங்கோ

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பிலிருந்து வருகிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதி வழியில், இவள் ஏன் இதையெல்லாம் எழுதுகிறாள் என்று நீங்கள் கேட்பீர்கள்.

ஒவ்வொரு ஞாயிறும் பகல் பதினொரு மணிக்குத் தர்மிளா சாவகச்சேரியிலிருந்து போன் எடுப்பாள். அவள் என் தம்பியின் மனைவி. தம்பி கிருஷாந்த் போன செப்டெம்பரில் இங்கே, பாரிஸில், எலிக்காய்ச்சலில் செத்துப்போனான். தர்மிளா முதலில் என் முழங்கால் வலியை விசாரிப்பாள். பிறகு தன் தாயின் பிரஷரைச் சொல்லுவாள். பிறகு கதைக்க எதுவும் இல்லாதது போல ஓர் இடைவெளி வரும். அதற்குப் பிறகுதான் கேட்பாள்.

"மச்சாள், அவர் கடைசியா என்ன சொன்னவர்?"

"'தர்மிளா சாப்பிட்டிட்டாளோ' எண்டு கேட்டவன்."

"வேறை ஒண்டும் சொல்லேல்லையோ?"

"இல்லையம்மா. அதுதான் கடைசி."

இருபத்து மூன்று ஞாயிறுகள் ஆகிவிட்டன. கேள்வியும் மாறவில்லை, பதிலும் மாறவில்லை.

அவன் அப்படிக் கேட்கவேயில்லை.

இதை 'நான்' என்று வைத்து எழுதிப் பார்த்தேன். மூன்று தாள் வந்தது. மூன்றிலும் நான் நல்லவளாக இருந்தேன். தாள்களைக் கிழித்துவிட்டு, கோசலை என்று ஒருத்தியை எடுத்துக்கொண்டேன். அவளும் நானும் ஒரே ஆள்தான், இதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஆனால் அவளைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தி வைத்தால், ஒரு கண்டிப்போடு பார்க்க முடிகிறது.

2

தொடக்கம் (அ).

பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் தேர் நாள். தெருவோரங்களில் தேங்காய்களை மலையாகக் குவித்து, கற்பூரம் கொளுத்தி, தேர் வருவதற்கு முன் ஆயிரக்கணக்கில் உடைக்கிறார்கள். இளநீர் தெருவில் வழிந்து, ஓரத்தில் ஓடுகிற நகரசபைத் தண்ணீரோடு கலக்கிறது. தேருக்குப் பின்னால் சனம் வெறுங்காலோடு வரும். அதற்குள் சிரட்டைத் துண்டுகளை அள்ளிவிட வேண்டும். அள்ளுகிறவர்களும் வெறுங்கால்தான். கிருஷாந்துக்கு முப்பத்தெட்டு வயது. இடுப்பில் வேட்டியை மடித்துக் கட்டி, தள்ளுவண்டிக்கும் குவியலுக்கும் இடையில் ஓடுகிறான்.

"செருப்பைப் போடடா. கால் கிழியப்போகுது."

"சாமிக்கு முன்னாலையோ? அக்கா, நீ வரவர வெள்ளைக்காரி ஆகிறாய்."

"வெள்ளைக்காரியளே வெறுங்காலோடதான் நிக்கினம். அங்கை பார்."

"அப்ப நீதான் ஒரேயொரு வெள்ளைக்காரி."

வலது குதிக்காலில் சிரட்டை கிழித்தது. அவன் விபூதியை அள்ளி அப்பிக்கொண்டு—

(இதை விட்டுவிட்டேன். இந்தத் தொடக்கம் உங்களுக்குப் பிடிக்கும் என்று தெரியும். நிறம் இருக்கிறது, தேர் இருக்கிறது. ஆனால் இங்கே தொடங்கினால் பழி சாமிக்குப் போய்விடும். கோசலை தப்பிவிடுவாள்.)

தொடக்கம் (ஆ).

தேர் முடிந்து மூன்றாம் நாள், புதன்கிழமை. முதல் நாள் இடியோடு கொட்டிய மழையில் அரியரத்தினத்தின் பலசரக்குக் கடையின் காவுக்குள்* தண்ணீர் புகுந்துவிட்டது. வடிகால் அடைபட்டுக் கிடந்தது. அரிசி மூட்டைகளின் அடி நனைந்துகொண்டிருந்தது.

* கடைக்குக் கீழே உள்ள நிலவறை. பிரெஞ்சுச் சொல். இங்கே எங்கள் எல்லார் வாயிலும் அதுதான்.

கோசலை கறிவேப்பிலை வாங்கப் போனவள். அரியரத்தினம் படியில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, தம்பி வீட்டிலைதானே நிக்கிறான்? ஒருக்கா வரச் சொல்லுறியோ?"

"அவன் அரேயில எல்லோ, அண்ணை."

"ஆரடி பாக்கப்போறான் காவுக்குள்ளை? எலியள்தான் பாக்கும்."

 அரே என்பது மருத்துவர் எழுதிக்கொடுக்கும் விடுப்பு. தேருக்கு மறுநாள் ரெஸ்ரோறன்றில் கிடாரம் தூக்கும்போது கிருஷாந்துக்கு முதுகு பிடித்துக்கொண்டது. விடுப்பில் இருக்கும் ஆள் வேறு இடத்தில் வேலை செய்யக்கூடாது. பிடிபட்டால் கோப்பில் எழுதப்படும். அந்த நேரம் தர்மிளாவை இங்கே கூப்பிடுவதற்கான குடும்பக் கோப்பு உள்ளே போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஒரு கறையும் படாமல் காத்துக்கொண்டிருந்த கோப்பு.

கோசலைதான் போன் பண்ணினாள். கிருஷாந்த் வந்தான். காற்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டி, சப்பாத்தைப் படியில் கழற்றி வைத்துவிட்டு இறங்கினான். கணுக்காலுக்கு மேல் கறுப்புத் தண்ணீர். கோசலை படியில் நின்று போன் வெளிச்சத்தைப் பிடித்தாள். அவன் கையை விட்டு வடிகாலுக்குள்ளிருந்து ஊறிப்போன மட்டைப்பெட்டித் துண்டுகளை இழுத்தான். ஒரு எலி சுவரோரமாக நீந்திப் போனது.

"அக்கா, உன்ர சொந்தக்காரர் போறார். வணக்கம் சொல்லு."

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். கிழிந்த குதிக்கால் அந்தத் தண்ணீருக்குள் நின்றது. கிருமி உள்ளே போகும்போது அவன் சிரித்துக்கொண்டு—

(இந்த வசனத்தை முடிக்க முடியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

(ஆ)வை வைத்துக்கொள்கிறேன். (அ)வையும் அடிக்கவில்லை. கால் கிழிந்தது அங்கேதான்.

3

கோசலை யார் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாவிட்டால் அவள் செய்தது புரியாது.

பகலில் அவளுக்கு ஒரு பாலர் பள்ளிச் சமையலறையில் வேலை. பின்னேரங்களில், மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோ நிலையத்துப் பக்கம் ஒரு தொலைபேசிக் கடையின் பின்னறையில் இருந்து, அகதி மனு போடுகிறவர்களுக்குக் கேஸ் எழுதிக் கொடுத்தாள். பதினோரு வருடத்தில் அறுபத்தொரு கேஸ். வருகிறவர்கள் சொல்வார்கள், சிலர் அழுவார்கள், சிலர் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அவள் அதை நாள் வாரியாக அடுக்கிப் பிரெஞ்சில் எழுதுவாள். பொய் எழுதியதில்லை. ஆனால் உண்மை தடுமாறும். நடந்தது செவ்வாயா புதனா என்று வதைபட்டவனுக்கு எப்படித் தெரியும்? விசாரிக்கிற அதிகாரிக்கோ அந்தச் செவ்வாயும் புதனும்தான் தெரியும்.

கஜன் என்று ஒரு பொடியன் வந்திருந்தான்.

"அக்கா, அது செவ்வாயோ புதனோ எண்டு எனக்கு வடிவா ஞாபகம் இல்லை."

"ஒண்டைச் சொல்லுங்கோ. சொன்னாப் பிறகு அது செவ்வாய்தான். உங்கட அம்மாவே வந்து நிண்டு புதன் எண்டாலும் செவ்வாய்."

"பிறகு ஞாபகம் வந்தா?"

"வரட்டும். நீங்கள் முதல் சொன்னதை மாற்றாதேங்கோ. மாத்தின ஆளைத்தான் அவை பொய்யன் எண்டுவினம்."

அறுபத்தொரு பேருக்கும் அவள் இதையே சொன்னாள். முதலாவது ஆள் கிருஷாந்த். தடுப்பு முகாமில் நாற்பத்தொரு நாள் என்று எழுதினாள். நேர்முகத்துக்கு முதல் வாரம் அவனுக்கு நாற்பத்து மூன்று என்று ஞாபகம் வந்தது.

"ரெண்டு நாள் தானேயடா. விட்டுக்குடு."

விட்டுக்கொடுத்தான். விசாவும் கிடைத்தது. அதன்பின் அவன் வாழ்நாளில் முகாமில் இருந்தது நாற்பத்தொரு நாளாகவே இருந்தது. தர்மிளாவுக்கும் அப்படித்தான் சொன்னான்.

(கோசலையைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அவள் அந்த வேலையில் பெருமைப்பட்டாளா? ஆம். லா சப்பல் தெருவில் நடந்தால் மூன்று பேராவது 'அக்கா' என்று நிற்பார்கள். இதையும் எழுதிவிட வேண்டும்.)

4

காவுக்குள் இறங்கிப் பத்தாம் நாள், சனிக்கிழமை, காய்ச்சல் வந்தது. குளிரில் பல் கிட்டியது. கெண்டைக்காலைத் தொட விடமாட்டான். "ஆரோ பிடிச்சு முறுக்கினமாதிரி இருக்கு" என்றான். கண் சிவந்திருந்தது. திங்களன்று தெருமுனை மருத்துவர் பார்த்து, வைரஸ் காய்ச்சல் என்று மாத்திரை எழுதினார். கிருஷாந்த் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டான். புதன்கிழமை கண்ணின் வெள்ளை மஞ்சளாகிவிட்டது. அரியரத்தினம் கீழ்காய்நெல்லி அரைத்து ஒரு போத்தலில் கொடுத்துவிட்டார். "செங்கமாரி. மூண்டு நாளில இறங்கும்." வியாழன் காலை அவனுக்குச் சிறுநீர் கொஞ்சம்தான் போனது. தேத்தண்ணிச் சாயம் போல இருந்தது. கோசலை அம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

இனி வருவதுதான் இந்தக் கதை. கவனமாக எழுதுகிறேன்.

வியாழன் பிற்பகல். அவசரப் பிரிவின் நடைபாதையில் சில்லுக் கட்டில். ஷார்லோத் என்ற பயிற்சி மருத்துவர் வந்தாள். இருபத்தாறு வயது இருக்கும். காதோரத்தில் பேனாவைச் செருகியிருந்தாள். கிருஷாந்துக்குச் சமையலறைப் பிரெஞ்சுதான் வரும் என்பதால் கோசலை மொழிபெயர்த்தாள்.

என்ன வேலை செய்கிறார் என்று ஷார்லோத் கேட்டாள்.

"ரெஸ்ரோறன்றில். இப்போது விடுப்பில் இருக்கிறார். முதுகு. வீட்டை விட்டு வெளியே போவதில்லை."

சாக்கடை, தேங்கிய தண்ணீர், நிலவறை, எலி, இவற்றோடு ஏதாவது தொடர்பு உண்டா?

அந்தக் கேள்வியில் 'எலி' என்ற சொல்லுக்கும் 'நிலவறை' என்ற சொல்லுக்கும் கிருஷாந்த் கண்ணைத் திறந்தான். அந்தச் சொற்கள் அவனுக்குத் தெரியும். அக்காவைப் பார்த்தான். அக்கா கட்டில் கம்பியில் இருந்த அவன் கையின் மேல் தன் கையை வைத்து அழுத்தினாள். முதல் சொன்னாயிற்று. வீட்டை விட்டு வெளியே போவதில்லை.

"இல்லை" என்றாள்.

ஷார்லோத் எழுதிக்கொண்டாள்.

வெள்ளி பிற்பகல், மேலே ஓர் அறையில், ஷார்லோத் திரும்பவும் வந்தாள். கூட யாரும் இல்லை. கதவைச் சாத்திவிட்டுக் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "மதாம், நேற்றுக் கேட்டதையே கேட்கிறேன், மன்னியுங்கள். எனக்கு மனது ஒத்துவரவில்லை. எங்கேயாவது தண்ணீரில் நின்றாரா? நான் பொலிஸ் இல்லை. யாருக்கும் சொல்லமாட்டேன்."

இந்த வசனத்தைக் கோசலை அறுபத்தொரு பேருக்கு விளக்கியிருக்கிறாள். இரண்டாம் தடவை கேட்பது, அன்பாகக் கேட்பது, கதவைச் சாத்திவிட்டுக் கேட்பது, எல்லாம் நீ மாற்றுகிறாயா என்று பார்க்கத்தான்.

"நேற்றுச் சொன்னதுதான்" என்றாள்.

அப்போது கிருஷாந்த் அரை மயக்கத்தில் இருந்தான். எதுவும் சொல்லவில்லை. ஷார்லோத் ஒரு போர்வை கொண்டுவந்து போர்த்திவிட்டு, குதிக்காலில் இருந்த காயத்தைப் பார்த்து இது என்ன என்றாள். தேர்த் திருவிழா, தேங்காய்ச் சிரட்டை என்றாள் கோசலை. அன்று அவள் சொன்ன ஒரே உண்மை அது.

5

தொடக்கம் (இ) என்று ஒன்றும் வைத்திருந்தேன். 'எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில்' என்று தொடங்கும். அச்சடித்த துண்டுப்பிரசுரம் போல இருந்ததால் விட்டுவிட்டேன். ஆனால் அதில் இருந்த சில விஷயங்கள் இங்கே வேண்டும்.

எலிக்காய்ச்சல் வருகிற பலருக்கு அது வெறும் காய்ச்சலாகவே வந்து போய்விடுகிறது. சிலருக்குத்தான் முற்றுகிறது. கிருமி காயத்தின் வழியே இரத்தத்துக்குள் போய், ஒன்று இரண்டு கிழமை பேசாமல் இருக்கிறது. பிறகு ஈரலைப் பிடிக்கிறது, தோல் மஞ்சளாகிறது. சிறுநீரகம் நின்றுபோகிறது. சிறு இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்குகின்றன. நுரையீரலுக்குள் இரத்தம் கசிந்தால், ஆள் தன் சொந்த இரத்தத்தில் மூழ்குவது போலத்தான். முதல் நாட்களில் பிடித்தால் சாதாரண மருந்து கேட்கும். ஊரில் வயலுக்குள் இறங்குகிறவர்களுக்கு வருகிற வியாதி என்று கோசலை ஒருகாலத்தில் பேப்பரில் படித்திருந்தாள். பாரிஸோடு அதைச் சேர்த்து அவள் நினைத்ததில்லை.

மருத்துவர்கள் மாத்திரையால் வந்த ஈரல் பாதிப்பு என்ற பக்கம் போய்விட்டார்கள். மற்றதைச் சொல்ல ஆள் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் கிருஷாந்த் இருமினான். தலையணை உறையில் சிவப்பு. மறுபடி இருமினான். ஆட்கள் ஓடிவந்தார்கள். கோசலையை வெளியே நிறுத்தினார்கள். ஒரு மணித்தியாலத்தில் அவன் தொண்டையில் குழாய் இருந்தது, இரத்தத்தைக் கழுவுகிற இயந்திரம் கட்டிலோரத்தில் இருந்தது.

ஞாயிறு காலை அவள் சொன்னாள். ஷார்லோத் இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவின் பெரிய மருத்துவர் தியரி இருந்தார். நரைத்த தாடி, மெல்லப் பேசுகிறவர். காவ், தண்ணீர், எலி, புதன்கிழமை, எல்லாவற்றையும் நாள் வாரியாக, ஒரு கேஸ் போலச் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நன்றி, மதாம். எல்லாவற்றுக்குமாக நேற்றே மருந்து தொடங்கிவிட்டோம். அதற்கும் அது சரியான மருந்துதான்."

"வியாழக்கிழமையே சொல்லியிருந்தால்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நாட்கள் முக்கியம். அதை நான் மறைக்கமாட்டேன். ஆனால் இந்த மனிதனுக்கு அந்த இரண்டு நாள் போதுமாக இருந்திருக்குமா என்று கேட்டால், தெரியாது. யாருக்கும் தெரியாது."

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு அவன் போனான். தர்மிளா போன் திரையில் இருந்தாள். கோசலை திரையை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். காவுக்குள் போன் வெளிச்சம் பிடித்தபோது இரண்டு பேரும் சிரித்தார்கள். இந்தத் தடவை சிரிக்க யாரும் இல்லை.

6

நீங்கள் கவனமான வாசகர் என்றால் ஒரு இடத்தில் நின்றிருப்பீர்கள். நான் கேஸ் பார்க்கும் அதிகாரியாக இருந்தால் அந்த இடத்தைச் சிவப்பு மையால் சுழித்திருப்பேன்.

அந்தப் போர்வை ஏன் வந்தது?

ஆள் மயக்கத்தில். எதுவும் கேட்கவில்லை. மருத்துவர் கேள்வி கேட்க வந்தவள். அவள் ஏன் எழுந்துபோய்ப் போர்வை எடுத்துவர வேண்டும்?

நான் முதல் சொன்னதை மாற்றுகிறேன்.

கிருஷாந்த் மயக்கத்தில் இருக்கவில்லை. ஷார்லோத் கேட்டதும், கோசலை "நேற்றுச் சொன்னதுதான்" என்றதும், அவன் தலையைத் திருப்பினான். உதடு வெடித்திருந்தது. கண் மஞ்சளும் சிவப்புமாக இருந்தது.

"அக்கா."

"பேசாமல் கிட."

"மாத்திச் சொல்லக்கா."

அவள் அவன் கையை அழுத்தினாள். அவன் கையை இழுத்துக்கொண்டான். அது சக்தி இல்லாத கைதான். ஆனாலும் இழுத்தான்.

"தர்மிளா வரவேணுமெல்லோ" என்றாள் கோசலை. மெல்லத்தான் சொன்னாள். தமிழில்தான் சொன்னாள்.

"நான் இருந்தால்தானேயக்கா அவள் வாறது. மாத்திச் சொல்லு."

ஷார்லோத் பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன சொல்கிறார்?"

"குளிருகிறதாம்" என்றாள் கோசலை.

ஷார்லோத் எழுந்துபோய் ஒரு போர்வை கொண்டுவந்தாள். நீல நிறம். அவன் கால்களைச் சுற்றி ஒரு தாய் போலச் செருகிவிட்டாள். கிருஷாந்த் அந்தப் போர்வையைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். கோபம் இருந்ததா என்று கேட்காதீர்கள். நான் அந்த முகத்தை ஆறு விதமாக எழுதிப் பார்த்தேன், ஆறிலும் கோபம் இல்லை. அதனால்தான் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டான். அதன்பின் அவன் வாயிலிருந்து சொல் வரவில்லை. இரத்தம்தான் வந்தது.

'மாத்திச் சொல்லு.' அதுதான் கடைசி.

7

இரண்டு முடிவு எழுதிவைத்திருக்கிறேன்.

முடிவு (அ). தர்மிளா எடுக்கிறாள், கேட்கிறாள், கோசலை வழக்கமான பதிலைச் சொல்கிறாள். இதற்கும் நியாயம் உண்டு. செத்தவீடு முடிந்த கிழமை தர்மிளா மூன்று நாளாக வாயில் எதுவும் வைக்கவில்லை. அவளுடைய தாய் போனில் அழுதாள். அந்த நேரம்தான் கோசலை முதல் தடவை அந்தப் பதிலைச் சொன்னாள், 'தர்மிளா சாப்பிட்டிட்டாளோ' என்று கேட்டதாக. அன்று பின்னேரம் தர்மிளா எழும்பி ஒரு பிடி சோறு சாப்பிட்டாளாம். இருபத்து மூன்று கிழமையாக அவள் அதைச் சாப்பிட்டுத்தான் உயிரோடு இருக்கிறாள் என்று நான் நினைப்பதுண்டு.

முடிவு (ஆ). கோசலை மாற்றிச் சொல்கிறாள். தர்மிளா ஒரு கேள்விதான் கேட்பாள். "ஏன் மச்சாள் சொல்லேல்லை?" அதற்கு உண்மையான பதில் ஒன்றுதான் இருக்கிறது: நீ வரவேண்டும் என்று. அதைச் சொன்ன நிமிடத்திலிருந்து அந்தப் போர்வையின் ஒரு முனையை அவளும் பிடிக்க வேண்டிவரும். அவளுக்கு முப்பத்திரண்டு வயது. இந்தப் பொய்யில் அவள் கையெழுத்து வைக்கவில்லை.

மூன்றாவதாக ஒரு முடிவு, பாதியைச் சொல்லிப் பாதியை—

(இல்லை. அது கேஸ் எழுதுகிற வேலை.)

எது சரி என்று உங்களைக் கேட்கத்தான் இவ்வளவையும் எழுதினேன். அறுபத்தொரு பேருக்கு அதிகாரி ஒருவர் இருந்தார். நம்புகிறேன், நம்பவில்லை என்று ஒரு கடிதமாவது வரும். எனக்கு நீங்கள்தான் இருக்கிறீர்கள். நீங்களோ தாளுக்கு அந்தப் பக்கம் இருக்கிறீர்கள், பதில் வரப்போவதில்லை.

இன்றைக்கு ஞாயிறு. பத்து ஐம்பத்தெட்டு. கீழே தெருவில் யாரோ ஒபர்வில்லியே பக்கம் போகும் வான் வண்டிக்கு மரக்கறிப் பெட்டி ஏற்றுகிறார்கள். அரியரத்தினத்தின் குரல் கேட்கிறது. காவுக்குப் புது வடிகால் போட்டுவிட்டார்.

போன் அடிக்கிறது. கோசலை எடுக்கிறாள்.

(அந்த வரியை அடித்துவிட்டுத் திரும்ப எழுதுகிறேன்.)

போன் அடிக்கிறது. நான் எடுக்கிறேன்.

முழங்கால் எப்படி என்கிறாள். பரவாயில்லை என்கிறேன். தாய்க்கு நேற்று பிரஷர் கூடிவிட்டதாம், மருந்தை மாற்றியிருக்கிறார்களாம். ஓம், ஓம் என்கிறேன். பிறகு அந்த இடைவெளி வருகிறது. அவள் மூச்சை இழுப்பது கேட்கிறது.

"தர்மிளா" என்கிறேன், அவள் கேட்பதற்கு முன்னமே. "நீ சாப்பிட்டிட்டியோ?"

"ஓம் மச்சாள். இப்பதான்."

"அப்ப கொஞ்சம் இரு. நான் உனக்கு முதல் சொன்னதை—"